பச்சை காட்டிய பலகை

காலை ஆறே காலுக்கு நிதானம் தன் லாரியை நூலகக் கட்டடத்தின் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். மாநகராட்சியின் தண்ணீர் லாரி அது. தொட்டிக்கு மேலே, வானத்தைப் பார்த்தபடி ஒரு தூவுகுழாயைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். விசையைத் தள்ளினால் தண்ணீர் புகைபோல முப்பதடி உயரத்துக்கு எழும்பி, நூலகத்து மொட்டைமாடியில் இருக்கும் வெள்ளைப் பெட்டியைச் சுற்றிப் பரவி, மெல்ல இறங்கும். அந்தப் பெட்டிதான் நகரத்தின் காற்றை அளக்கும் கருவி. இருபது லட்சம் பேர் மூச்சுவிடும் ஊருக்கு அது ஒன்றே ஒன்றுதான்.

நிதானம் என்பது பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியும் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று லாரிக் கொட்டகையில் யாரோ வைத்தார்கள்; அது வீடுவரை கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

நாற்பது நாட்களுக்கு முன்புவரை அந்த லாரி கீழ்க்குடியிருப்புக்குக் குடிதண்ணீர் கொண்டுபோனது. இப்போது அதற்கு ஒரே வேலைதான். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் கருவியைச் சுற்றி இருநூறு மீட்டருக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளித்தால் தூசி அடங்கும். கருவிக்குள் போகும் காற்று குளித்துவிட்டுப் போகும். நாற்சந்தியில் நிற்கும் உயரமான மின்பலகையில் எண் இறங்கும். நூறுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் மஞ்சள், இருநூறுக்கு மேலே போனால் சிவப்பு.

"என்ன நிதானம், மெஷினுக்குத் தலைக்கு ஊத்தியாச்சா?" என்றார் எதிர் டீக்கடைக்காரர்.

"ஆச்சு. பவுடர் போட்டுத் தூங்க வைக்கிறதுதான் பாக்கி."

கருவியைக் கழுவுவதாகத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள்; கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததில் இரண்டு பேருக்கு இருமல் வந்தது. பலகை எழுபத்தொன்பது என்று பச்சையில் ஒளிர்ந்தது.

அவர் வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி வேலைக்குக் கிளம்பி நின்றாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் தையல் கூடத்தில் சட்டைக்குக் காலர் தைப்பது அவள் வேலை. போகும் வழி முழுக்க இரும்பு வார்க்கும் உலைக்கூடங்கள். ஆறு வருடமாக அவளுக்கு மூச்சிரைப்பு. சிவப்பு எரியும் நாட்களில் வெளியே தலைகாட்டக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதனால் மாடிப்படியில் நின்று எட்டிப் பலகையைப் பார்க்காமல் அவள் செருப்பில் கால் நுழைப்பதில்லை.

"எழுபத்தொம்பது" என்றாள். "ஒன்றரை மாசமாச்சுங்க, ஒரு நாள்கூட லீவு போடல நான். சூப்பர்வைசரே ஆச்சரியப்படுறாரு."

"முகமூடி போட்டுக்கிட்டுப் போ."

"பச்சையில எதுக்கு? மூஞ்சி வேர்க்குது." ஒரு படி இறங்கி நின்று, நெஞ்சைத் தடவிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. காத்து இவ்வளவு நல்லா இருந்தும் எனக்கு முன்னைவிட இப்பத்தான் அதிகமா இழுக்குது. வெளியில ஒண்ணுமில்ல. எனக்குள்ளதான் ஏதோ கெட்டுப்போச்சு."

நிதானம் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. அவள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. ஆறாவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கினாள்.

அந்த வாரம் டாக்டர் அவளுடைய இருதயத்தைச் சோதிக்கச் சொன்னார். காற்று சுத்தமாக இருக்கும்போது நுரையீரல் இப்படித் திணறக் காரணமில்லை என்பது அவர் கணக்கு. இருதயத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மனக்கவலை ஏதாவது உண்டா என்று கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில், "எனக்கு என்னங்க கவலை?" என்று அவள் கணவரிடம் கேட்டாள். அவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மறுநாள் நிதானம் உதவிப் பொறியாளரின் அறை வாசலில் போய் நின்றார். பொறியாளர் நாற்பது வயதுப் பெண்மணி. மற்ற அதிகாரிகளைப்போல எரிந்து விழுகிறவர் அல்ல. ஓட்டுநர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

"மேடம், அந்தத் தண்ணி தெளிக்கிற வேலைய நிறுத்திட்டா என்ன? கீழ்க்குடியிருப்புல ஜனங்க குடத்தோட நிக்கிறாங்க."

"உக்காருங்க" என்றார் அவர். கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நான் ஒளிச்சுப் பேசல. இருநூறு மின்சார பஸ் வாங்க வெளிநாட்டு வங்கி கடன் தருது. அறுபது நாள் சராசரி நூறுக்குள்ள இருக்கணும்னு நிபந்தனை. நாம முயற்சி எடுக்கிறோம்னு எண்ணுல காட்டணுமாம். பஸ் வந்தா டீசல் புகை பாதி குறையும். வராட்டி எதுவுமே மாறாது. இப்பச் சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

"பொய்க்கணக்கு காட்டித்தான் நல்லது செய்யணுமா மேடம்?"

"அவங்க நாட்டுல நூறு வருஷம் புகைய விட்டுத்தான் பணக்காரங்க ஆனாங்க. இப்ப நம்ம மூக்குக்கு நேரா அளவுகோல நீட்டுறாங்க. உலைக்கூடத்த மூடலாம்னா அமைச்சர் போன் பண்றாரு, தேர்தல் வருது, எட்டாயிரம் குடும்பம்னு. புகைய வடிகட்டச் சொல்லலாம்னா முதலாளிங்க கோர்ட்டுக்குப் போறாங்க. எனக்குன்னு மிஞ்சினது உங்க லாரி ஒண்ணுதான்." அவர் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார், அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். "இன்னும் இருபது நாள். அப்புறம் நிறுத்திடலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. அதுதான் நிதானத்துக்குத் தொல்லையாக இருந்தது. எவனாவது ஒருவன் அயோக்கியனாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். மனைவி வேலைக்குப் போகாமல் இருக்க என்ன சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்தார். உண்மையைச் சொன்னால் அவள் அதைத் தையல் கூடத்தில் சொல்வாள், கூடத்தில் இருக்கும் முப்பது பெண்களும் முப்பது வீட்டில் சொல்வார்கள், தன் வேலை போய்விடும். இருபது நாள்தானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

மனைவியின் தம்பியும் அதையேதான் சொன்னான். அவன் உலைக்கூடத்தில் வேலை செய்பவன். வாரம் ஒருமுறை அக்காவைப் பார்க்க வருவான். அவள் அடுப்படியில் இருக்கும்போது நிதானத்தின் காதோரம் குனிந்தான்.

"மாமா, நீங்க எதையும் கிளறாதீங்க. மூணு நாள் சேர்ந்தாப்ல சிவப்பு வந்தா எங்க கூடத்த மூடணும்னு சட்டம். உங்க தண்ணியிலதான் எங்க அடுப்பு எரியுது."

"உங்க அக்காவுக்கு மூச்சு முட்டுதுடா."

"ஊர்ல யாருக்குத்தான் முட்டல? மாத்திரை மாத்திக் குடுக்கச் சொல்லுங்க." சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான்.

அந்த இருபது நாளில் பதினோராவது நாள் அது நடந்தது. பலகை அறுபத்தெட்டு காட்டியது. அதுவரை வந்ததிலேயே குறைந்த எண். அன்று காற்று அசையவில்லை. உலைப்புகை கூரை உயரத்திலேயே படுத்துக்கிடந்தது. அறுபத்தெட்டைப் பார்த்த சந்தோஷத்தில் மனைவி இன்ஹேலரை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். மூன்றாவது உலைக்கூடத்தின் மதில் ஓரம் குந்தி உட்கார்ந்தவளைக் களைத்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து நாலைந்து பேர் கடந்து போனார்கள். தையல் கூடத்துத் தோழி ஒருத்தி வந்து தோளைத் தொட்டபோது அவள் சாய்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

செய்தி வந்தபோது நிதானம் கருவிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். விசையை மூடக்கூடத் தோன்றாமல் ஓடினார். லாரி பாட்டுக்குத் தொட்டி காலியாகும்வரை தூவிக்கொண்டு நின்றது.

அரசு மருத்துவமனையின் நீளமான கூடத்தில், கடைசிக் கட்டிலில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஒரு குழாய் முகமூடி. வேறொரு இளம் டாக்டர் வந்து அவளுடைய பழைய சீட்டுகளைப் புரட்டினார். பிறகு தன் போனை எடுத்துப் பார்த்தார்.

"இன்னைக்குக் காத்து அறுபத்தெட்டுதான் இருக்கு. வெளிப் புகையால வந்திருக்காது. வீட்டுல விறகடுப்பா? பூனை, நாய் ஏதாவது வளக்குறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"பின்ன எப்படி? எழுதுறதுக்கு ஒரு காரணம் வேணுமே."

நிதானம் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் கண் திறந்திருந்தது. அவள் காதில் விழும் என்று தெரிந்தே சொன்னார்.

"அந்த நம்பர் நெசமில்ல டாக்டர். அம்பது நாளா அது பொய். கருவியச் சுத்தித் தண்ணி அடிச்சு இறக்குற நம்பர் அது. அடிக்கிறவன் நான்தான்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சீட்டில் எழுதியிருந்த எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார். "ஒரு மாசமா இதே மாதிரி வந்தவங்க முப்பது நாப்பது பேர்கிட்ட, காத்துல ஒண்ணும் இல்லன்னு நானே சொல்லி அனுப்பியிருக்கேன்" என்றார் போகும்போது.

மனைவியின் முகமூடிக்குள் மூச்சு சீறிச் சீறி வந்தது. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் திட்ட வேண்டியும் அவள் அவரைத் திட்டாத முதல் நாள் அது. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் வங்கியின் பார்வையாளர் குழு வந்தது. அன்று விடியும் முன்பே இரண்டு மடங்கு தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டு, லாரிக் கொட்டகை மேஸ்திரி நிதானத்திடம் கண்டிப்பாகச் சொன்னார்: "தெளிச்சு முடிச்சதும் வண்டியக் கொட்டகைக்குள்ள விட்டுரு. அவங்க போற வரைக்கும் வண்டி நிழல்கூட ரோட்டுல விழக்கூடாது."

நிதானம் தெளித்து முடித்தார். தொட்டியை மறுபடி நிரப்பிக்கொண்டார். பத்து மணிக்குக் குழு நூலகத்து வாசலில் வந்து இறங்கியபோது, அவர் தன் வழக்கமான வேகத்தில், எந்த அவசரமும் இல்லாமல், லாரியைக் கொண்டுவந்து அவர்களுக்குப் பின்னால் நிறுத்தினார். பொறியாளரின் முகம் வெளிறியது.

குழுத் தலைவர் உயரமான, தலை நரைத்த மனிதர். நிதானம் அவர் முன்னால் போய் நின்று, பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார்: "இந்த மெஷினுக்குத் தினம் மூணு வேள தண்ணி அடிச்சு நம்பர இறக்குறோம்னு அவர்கிட்ட சொல்லுங்க. என் சம்சாரம் இத நம்பி வெளிய போயி ஆஸ்பத்திரியில கிடக்குறா. அதையும் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் வேறெங்கோ பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் இரண்டே வரியில் ஏதோ சொன்னார். குழுத் தலைவரின் முகம் மலர்ந்தது. நிதானத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நிதானத்துக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று கேட்ட மனிதன் இப்படிச் சிரிக்க மாட்டான் என்பது தெரியும். கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். லாரிக்குப் போய் விசையைத் தள்ளினார்.

தண்ணீர் எழும்பியது. மொட்டைமாடிப் பெட்டியைச் சுற்றிப் பரவி, கீழே நின்றவர்களின் கோட்டிலும் கோப்பிலும் கண்ணாடியிலும் இறங்கியது. அதிகாரிகள் குடை தேடி ஓடினார்கள். குழுத் தலைவர் ஓடவில்லை. நனைந்தபடியே நிமிர்ந்து கருவியைப் பார்த்தார்; குழாயைப் பார்த்தார்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவர் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, ஈரக் கோட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்றார். மதியம் பலகை நூற்றுத் தொண்ணூறு காட்டியது. மூன்று மணிக்கு இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

இதோடு நீதி வென்றது என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு.

குழு அன்று மாலையே விமானம் ஏறியது. கடன் நின்றது, பஸ்கள் வரவில்லை. ஏமாற்றிய நகரம் என்று அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். ஏன் ஏமாற்றியது என்று யாரும் எழுதவில்லை. பொறியாளரைத் தொலைதூரத்து அலுவலகம் ஒன்றுக்கு மாற்றினார்கள். தொலைபேசியில் பேசிய அமைச்சரை யாரும் எங்கேயும் மாற்றவில்லை. நிதானத்தைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். அரசுத் தண்ணீரை அனுமதியின்றி விரயம் செய்ததாகக் குற்றச்சாட்டு. மூன்று நாள் சிவப்பு எரிந்ததும் உலைக்கூடங்கள் மூடப்பட்டன. மூடிய ஒன்பதாம் நாள், பழுது பார்ப்பதாகச் சொல்லிக் கருவியைக் கழற்றிக்கொண்டு போய், ஊரின் மேற்கே பணக்காரர்கள் நடைபழகும் ஏரிப் பூங்காவில், மரங்களுக்கு நடுவே பொருத்தினார்கள். மறுநாளே பலகை பச்சையானது. உலைகள் திறக்கப்பட்டன. இந்த முறை தண்ணீர்கூடச் செலவாகவில்லை.

அந்த ஒன்பது நாளில் ஏழாம் நாள், மனைவி மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தாள். நுரையீரலில் ஒரு பகுதி இனி வேலை செய்யாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தையல் கூடம் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. அன்று சாயங்காலம் உலைக்கூடத் தொழிலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவளுடைய தம்பியும் அவர்களோடு வந்திருந்தான்.

"ஏழு நாளாக் கூலி இல்ல" என்றார் முன்னால் நின்ற பெரியவர். "உன் பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னா அதுக்கு ஊரு பட்டினி கிடக்கணுமா? உன்ன நிதானமான ஆளுன்னு நெனச்சோம்."

நிதானம் தலைகுனிந்து நின்றார். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மறுபடியும் அதே தொல்லை.

உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மனைவி வந்தாள். வாசற்படியில் உட்காரவே அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தம்பியால் அதைத் தாங்க முடியவில்லை.

"அக்கா," என்றான். "எங்க கூடத்துப் புகைபோக்கியில வடிகட்டி இருக்கு. அரசாங்க மானியத்துல மாட்டினது. சோதனைக்கு ஆள் வந்தா மட்டும் ஓடும். கரண்ட் செலவாகுதுன்னு முதலாளி அணைக்கச் சொல்லுவாரு. அந்த சுவிட்ச தினம் காலையில அணைக்கிறது நான்தான். மூணு வருஷமா."

அவள் தம்பியைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். முதல் முறையாக அவள் கண் கலங்கியது.

"ஒருத்தன் புகைய விட்டான், ஒருத்தர் புகையே இல்லன்னு பலகையில காட்டுனாரு. ரெண்டு பேரும் என் வீட்டு ஆளுங்க" என்றாள். "எனக்கு ஒடம்புலதான் கோளாறுன்னு நான் என்னையே நொந்துக்கிட்டு இருந்தேன்."

"அக்கா, அணைக்காட்டி வேலை போயிருக்கும்னு..."

"தெரியுதுடா. எல்லாருக்கும் காரணம் இருக்கு. அந்த பொறியாளரம்மாவுக்கு பஸ்ஸு, அமைச்சருக்கு ஓட்டு, உனக்கு வேலை, இவருக்குக் குடும்பத்தக் காப்பாத்தணும். எல்லார் காரணமும் நல்ல காரணந்தான். கடைசியில எல்லாம் சேர்ந்து என் நெஞ்சுக்குள்ளதான வந்து இறங்குச்சு?" நிறுத்தி, மூச்சு சேர்த்துக்கொண்டாள். முன்னால் நின்ற பெரியவரைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களும் இருமிக்கிட்டேதான் நிக்கிறீங்க. வேலை வேணுமா மூச்சு வேணுமான்னு நம்மகிட்டதான் கேக்குறாங்க. நாமளும் அதுக்குப் பதில் சொல்லிக்கிட்டு, நமக்குள்ளயே அடிச்சிக்கிறோம். ரெண்டையும் குடுக்க வேண்டியவங்ககிட்டப் போயி நாம ஒரு கேள்வி கேட்டிருக்கமா?"

பெரியவர் வாயைத் திறந்தார். இருமல் முந்திக்கொண்டது. அது அடங்க வெகுநேரம் ஆனது.

"நம்பர மாத்தினா காத்து மாறாது. நோவு மறைஞ்சதும் தீந்துபோச்சுன்னு நெனைக்கிறோம் பாருங்க, அதுதான் ஆளக் கொல்லுது" என்றாள் அவள். அதற்கு மேல் பேச அவளிடம் மூச்சு இல்லை.

அவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் மன்னிப்பு கேட்கவில்லை, யாரும் சபதம் போடவில்லை. உலைகள் மறுபடி திறந்த அன்று, தம்பி வடிகட்டியின் சுவிட்சை அணைக்க மறுத்தான் என்றும், அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்றும், அடுத்த நாள் அந்த இருமல் பெரியவரும் இன்னும் நான்கு பேரும் வேலைக்குள் போகாமல் முதலாளியின் வாசலில் போய் நின்றார்கள் என்றும் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

நிதானம் அன்று மனைவியின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசினாள்.

"நீங்களும் போயி அவங்களோட நில்லுங்க" என்றாள். "நான் தனியா இருந்துக்குவேன்."